அடிக்கிற கைக்கு இடம் விடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ செய்து அனுப்பிய, பிரவுசரில் ஓடும் எழுதும் செயலியில் ஒரு கட்டுரை முழுவதையும் தமிழில் அடித்துப் பார்த்தேன். எழுத்து அழகாக விழுகிறது, திணறவும் இல்லை. ஷார்ட்கட்டுகளை மட்டும் நீ மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அச்சகத்தில் நாள் முழுக்க கீபோர்டில் கை வைத்திருப்பவள் சொல்கிறேன்.

கே-யைத் தட்டினால் பக்கம் காப்பகத்துக்குப் போகும்படி வைத்திருக்கிறாய். நான் அடிப்பது தமிழ்99 விசைப்பலகை முறையில். அதில் ‘அம்மா’ என்று வர ஏ, கே, கே, கியூ. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். கர்சர் பெட்டியை விட்டு நகர்ந்தது தெரியாமல் இந்த நான்கையும் தட்டினால் இரண்டு பக்கம் காப்பகத்துக்குப் போய்விடுகிறது. நாங்கள் பிரதியைப் பார்த்து அடிக்கிறவர்கள், திரையை நிமிர்ந்து பார்ப்பது நாலு வரி தாண்டித்தான். வாயால் சொல்லி எழுதுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் சொல்லும் வார்த்தையின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடும். அதனால்தான் மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 2018-இல் வந்த அணுகல் விதிகள், ஒற்றை எழுத்து ஷார்ட்கட் இருந்தால் அதை நிறுத்தவோ மாற்றவோ வழி வேண்டும் என்கின்றன. நீ நிறுத்தியே கொடு. வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் கன்ட்ரோல்+ஆல்ட். விண்டோஸில் அந்த இரண்டையும் சேர்த்து அழுத்துவதும், ஐரோப்பிய கீபோர்டுகளில் வலப்பக்கம் இருக்கும் ஆல்ட்ஜிஆர் விசையும் ஒன்றுதான். நீ இருக்கும் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் ஜெர்மன் கீபோர்டில் மின்னஞ்சலுக்கான ‘அட்’ குறி ஆல்ட்ஜிஆர்+கியூ, யூரோ குறி ஆல்ட்ஜிஆர்+ஈ. நீ கன்ட்ரோல்+ஆல்ட்+கியூவுக்கு ‘மூடு’ என்று வைத்திருக்கிறாய். உன் பக்கத்து வீட்டுக்காரர் மின்னஞ்சல் முகவரி அடித்தால் பக்கம் மூடிக்கொள்ளும். ஊரிலிருந்து கொண்டுபோன லேப்டாப்பிலேயே நீ வேலை செய்வதால் இது உன் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொன்றும் அங்கே இடிக்கும். நீ எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பார்க்கிறாய். தமிழுக்கு அது வசதிதான், தமிழ் போட்டிருக்கும்போதும் கன்ட்ரோல்+பி தடித்த எழுத்தாக்குகிறது. ஆனால் ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். கன்ட்ரோல்+இசட் அழுத்திச் செய்ததைத் திரும்பப் பெற நினைத்தவருக்கு எதிர்மாறாக நடக்கும். வந்தது ஆங்கில எழுத்தானால் அந்த எழுத்தை நம்பு, வேறு மொழி எழுத்தானால் இடத்தைப் பார். சரியா?

ஆல்ட்+ஷிப்ட் பக்கம் போகவே வேண்டாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அதுதான் வாசல். ஆல்ட்டோடு எண்களையும் விட்டுவிடு, தமிழ் அடிக்க நாங்கள் வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் விசைப்பலகை மாற்ற அவைதான்.

மிஞ்சுவது கன்ட்ரோல்+ஷிப்ட். அதிலும் டி, என் போன்றவற்றைப் பிரவுசர் எடுத்துக்கொண்டுவிட்டது. இருக்கட்டும், பத்து ஷார்ட்கட் போதும். அழிக்கிற வேலை எதற்கும் ஷார்ட்கட்டே வைக்காதே. பேக்ஸ்பேஸை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தை 2016-இல் குரோமே கைவிட்டது, பாதி நிரப்பிய படிவங்கள் ஜனங்களுக்குப் பறிபோனதால்தான்.

அடுத்த பதிப்பை அனுப்பும்போது ஷார்ட்கட் பட்டியலையும் சேர்த்து அனுப்பு. தமிழ்99-இலும் பழைய டைப்ரைட்டர் முறையிலும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஜெர்மன் கீபோர்டுக்கு உன் அலுவலகத்தில் யாரையாவது பிடி.

அன்புடன்,
அம்மா