கேசட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்கள் குடும்பம் நடத்திவந்த லோக்கல் கேபிள் டிவி சேனலின் பழைய வி.ஹெச்.எஸ். கேசட்டுகள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. கேரம் போட்டி, திருவொற்றியூர் மாசித் திருவிழா, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இவற்றில் எங்களுக்குப் பெரிது அந்த அஞ்சலிகள்தான். சில வீடுகளில் தாத்தாவின் முகம் வேறெங்கும் இல்லை.

முதல் நன்றி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு மெக்கானிக் அண்ணனுக்கு. கடலோரத்து ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் ஜன்னலில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை டெக்கில் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியில்) போடவே கூடாது. பொடி, டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில நாள் உலரவிட்டு, அடியிலுள்ள 5 திருகுகளைக் கழற்றி, டேப்பை மெல்லச் சுற்றியபடியே நூல் பிரியாத துணியால் துடைத்து, வேறு கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு கூடாது, நார் சிக்கிக்கொள்ளும். 99% ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பதனிட்ட தோல் துண்டை அசையாமல் பிடித்து, ஹெட் பொருந்திய உருளையான டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். பொறுமையாகக் கற்றுத் தந்தீர்கள் அண்ணே.

பரணில் கிடந்த ஓடாத டெக்குகளைத் தூக்கிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் டெக் தயாரிப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு புது டெக் செய்ய ஆளில்லை. டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப்போனால் படம் ஆடும், பெல்ட் தளர்ந்தால் கேசட் உள்ளேயே சிக்கும். இரண்டுக்கும் மாற்று, நீங்கள் கொடுத்த டெக்குகளிலிருந்துதான் கிடைத்தது.

டேப் ஓடும் நேரம்தான் பதிவாகும் நேரம். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் உட்கார வேண்டும். DV எனும் டிஜிட்டல் வீடியோ ஃபார்மட்டில் மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ராத்திரி முழுக்க முறைவைத்து விழித்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, நீங்கள் இல்லாமல் இது முடிந்திருக்காது.

இன்னொரு பழைய கடனும் உண்டு. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் முறை வருவதற்கு முன்பிருந்தே, மொட்டை மாடியில் கேபிள் சிக்னலைப் பெருக்கும் எங்கள் ஆம்ப்ளிபயருக்குக் கரண்ட் கொடுத்த வீடுகள், உப்புக்காற்றில் களிம்பேறிய கனெக்டரை வெட்டி மாற்ற வெயிலில் ஏறிய லைன்மேன் தம்பிகள்: உங்கள் வீட்டுப் படங்களைக் கேட்டு வாங்குங்கள், காசு வேண்டாம்.

பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொண்டுவாருங்கள். ஃபேட் 32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது.