சித்தப்பாவுக்கு வான்கூவரிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். வெட்டியெடுத்த உங்கள் வலது காலில் வரும் வலியைப் பற்றிய விஷயம். நிதானமாகப் படியுங்கள்.

இங்கே கடலை ஒட்டி ஒரு பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வழியே பார்த்தால் தண்ணீரில் வந்து இறங்கும் சின்ன விமானங்களும், அக்கரையில் ஏப்ரலிலும் பனி போகாத மலைகளும் தெரியும். பல துறைக்காரர்களும் மேடையேறிப் பேசும் டெட் (TED) மாநாடு 2014-லிருந்து பல வருடங்கள் இங்கே நடந்திருக்கிறது. சுமார் 1,200 பேர் உட்காரும் மர அரங்கத்தை அந்த ஒரு வாரத்துக்காக ஹாலுக்குள்ளேயே எழுப்பி, முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நம்மூர் அம்மன் கொடைக்குப் பந்தல் போடுகிற மாதிரிதான். டிக்கெட் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். நான் விளக்கு வேலைக்காக உள்ளே இருந்ததால் எல்லாப் பேச்சையும் கேட்கக் கிடைத்தது.

ஒரே மேடை. நட்சத்திரங்களைப் பற்றி ஒருவர் பேசி இறங்கினால் அடுத்து ஒரு பாட்டுக்காரர், அப்புறம் சிறைகளைப் பற்றி ஒரு வக்கீல். யாருக்கும் 18 நிமிடத்துக்கு மேல் கிடையாது. பேசுகிறவர் வட்டமான சிவப்புக் கம்பளத்தின் மேல் நிற்பார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி எதிரே ஒரு கடிகாரம், நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். தன் துறை, அடுத்தவர் துறை என்று பார்க்காமல் எல்லோரும் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இடைவேளையில் காபியோடு நின்று, டாக்டர் வக்கீலிடம் சந்தேகம் கேட்கிறார். இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு வேலையில் ஊறினவர் அதை வேறு வேலைக்காரனுக்கும் புரிகிற மாதிரி சொல்வது சாதாரணக் காரியம் இல்லை, சித்தப்பா.

1984-ல் கலிபோர்னியாவில் முதல் மாநாட்டை நடத்தியவர்களுக்கு நஷ்டம்தான். அடுத்ததை நடத்த 1990 ஆகிவிட்டது. இவ்வளவு விலை வைத்து நடத்துவது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் 2006 முதல் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். 2009-ல் மைசூரிலும் நடத்தினார்கள். அங்கே நம் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியிலிருந்து துளசிராஜ் ரவில்லா பேசியிருக்கிறார். சித்திக்குக் கண் ஆபரேஷன் செய்த அதே அரவிந்த்தான்.

இப்போது உங்கள் விஷயம். வந்திருந்தவர்களில் ஒரு வயதான அம்மா, கால் கை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும், “ராமச்சந்திரன் பேச்சைக் கேட்டிருக்கிறாயா?” என்றார். வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு சான் டியேகோவில் மூளை ஆராய்ச்சி செய்கிறவர். 2007-ல் இதே மாநாட்டில் பேசியிருக்கிறார். அன்று ராத்திரியே போனில் பார்த்தேன்.

வெட்டியெடுத்த காலில் விரலெல்லாம் மடங்கி இறுகிக் கிடக்கிறது, வலி உயிர் போகிறது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், இல்லாத காலில் என்ன வலி என்று ஊரில் கேட்டார்கள். அது நிஜமான வலி, சித்தப்பா. கை கால் இழந்தவர்களில் நிறையப் பேருக்கு வருகிறது. உடம்பில் கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கான இடம் போவதில்லை. விரலை நீட்டச் சொல்லி மூளை சொல்கிறது, நீண்டதாகச் சேதி திரும்பி வருவதில்லை, அதனால் இறுகியபடியே கிடக்கிறது என்பது அவர் விளக்கம். அவர் கண்டுபிடித்த வைத்தியத்துக்கு ஒரு கண்ணாடி போதும்.

கட்டிலில் கால் நீட்டி உட்காருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் நீளமான கண்ணாடியை நிறுத்தி, முகம் பார்க்கும் பக்கம் இடது கால் பக்கமாக இருக்கட்டும். வலது பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருக்கிற மாதிரி தெரியும். இடது கால் விரல்களை மெதுவாக மடக்கி விரியுங்கள், பாதத்தை ஆட்டுங்கள். அதையே வலது காலாலும் செய்வதாக மனதால் முயலுங்கள். தினம் கால் மணி நேரம், சில வாரங்களுக்கு.

இந்த வைத்தியம் எல்லோருக்கும் பலிப்பதில்லை என்று அந்த அம்மா தெளிவாகச் சொன்னார். சிலருக்கு முதலில் மனசு கலங்கும், தலை சுற்றும். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிடுங்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் காட்டிக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பீரோ கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், தம்பியிடம் புதுசு வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஓரம் கையைக் கிழிக்காதபடி சட்டம் போட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சின் லிங்க்கும் அவனிடம் இருக்கிறது, கண்ணாடி விஷயம் நடுவில் வரும். முதல் நாள் செய்துவிட்டு என்ன தெரிந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சொல்லுங்கள், அந்த அம்மாவின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறேன்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன்