காலை எடுத்த பிறகும் கேட்கும் சத்தம்

கொத்தகிரி

அன்புள்ள செல்வம்,

உன் விமானத்தின் இடது பிரேக் கத்துகிறது என்று நீ அனுப்பிய ஒலிப்பதிவை நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழை விட்டபாடில்லை, பச்சைத் தேயிலைக்கு விலை ஏறினபாடில்லை. அக்கா உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"சின்ன விமானம்னா பிரேக் கத்தத்தான் செய்யும்" என்று உன் விமானக் கொட்டகையான ஹேங்கரில் யாரோ சொன்னதை நீயும் நம்பிவிட்டாய். அதில் பாதி உண்மை. பிரேக் பேடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். இது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் கீச்சென்று கேட்கும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதையேதான். விமானம் நிற்கப் போகிற கடைசி சில அடிகளில் சத்தம் உச்சத்துக்குப் போவதும் இதனால்தான். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் மெல்லிய துரு ஏறி, காலையில் முதல் சில மிதிகளுக்குக் கரகரப்பதும் சகஜம். இதற்கெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் உன் பதிவில் ஓர் இடத்தில் "காலை எடுத்துட்டேன்" என்கிறாய். அதற்குப் பிறகும் கீச்சு ஓயவில்லை. கொஞ்சம் மெலிந்து, சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்றபடி ஏறி இறங்கித் தொடர்கிறது. மறுபடி போட்டுக் கேட்டுப் பார். மிதித்தால் கத்துகிற பிரேக் வேறு, காலை எடுத்தும் கத்துகிற பிரேக் வேறு. உன் இடது பிரேக் பிடித்த பிடியை முழுசாக விடவில்லை, செல்வம்.

இடது பக்கம் என்பதும் உறுத்துகிறது. உன் முன்சக்கரம் தன்போக்கில் திரும்புகிற வகை. ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துத்தான் திசை திருப்ப வேண்டும். இன்ஜின் இழுப்பு விமானத்தை இடப்பக்கம் திருப்பும். நேராக ஓட்டிப்போக வலது பிரேக்கைத்தான் அதிகம் மிதிப்பாய். அப்படியானால் முதலில் தேய்ந்து முனக வேண்டியது வலது. அதிகம் வேலை செய்யாத இடது கத்துகிறது என்றால், தேய்மானத்தைவிட இறுக்கத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். உன் ஹேங்கரோ கடலோரம். உப்புக் காற்றுக்கு இரும்பைத் தின்னச் சொல்லித் தரவா வேண்டும்?

இதைச் செய். விமானத்தை ஜாக்கில் ஏற்றி, இடது சக்கரத்தைக் கையால் சுற்று. மேலும் கீழும் பிடித்து ஆட்டி, வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார். பிறகு உள்ளே இருப்பவரைப் பெடலை ஒரு தடவை நன்றாக மிதித்து விடச் சொல், மறுபடி சுற்று. இறுக்கமாக இருந்தால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரில் உள்ள ப்ளீட் நிப்பிளை, அதாவது எண்ணெயை வெளியே விடும் திருகை, கொஞ்சம் திற. சக்கரம் உடனே விட்டுவிட்டால் குற்றம் மேலே: பெடல் முழுசாகத் திரும்பவில்லை, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் துளை மூடியபடியே இருக்கிறது. ஹோஸ் உள்ளே அடைத்திருந்தாலும் இதே கதைதான். போன மாதம் காலடியில் புது விரிப்பு போட்டதாக எழுதினாயே, அது பெடலின் அடியில் இடிக்கிறதா பார். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர் நகர்கிற பின்களோ, பேடைத் தள்ளுகிற பிஸ்டனோ சிக்கியிருக்கிறது.

என் பந்தயம் பின்களின் மேல். காலிப்பரைக் கழற்றினால் அந்த இரண்டு பின்களும் கையோடு வரும். நல்ல பின் முழு நீளத்துக்கும் ஒரே மினுக்கமாக இருக்கும். கெட்டதில் நடுவே பழுப்பு வளையம் தெரியும், நகத்தை ஓட்டினால் தட்டும். காலிப்பர் ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும். அந்தத் தட்டலில்தான் மாட்டிக்கொள்கிறது. வழவழப்பாகத் தேய்த்து, உலர்ந்த மசகு போடு. கிரீஸ் தடவிவிடாதே, தூசியெல்லாம் அதில் ஒட்டி மறுபடி இறுகும். பேடில் தேய்கிற லைனிங்கையும் பார்: 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டாலோ ரிவெட் தலை எட்டிப் பார்த்தாலோ மாற்றிவிடு. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. புதுசு போட்டால் அதைப் பிரேக் போட்டுச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் விடாதே. உலோகம் கலந்ததற்கு ஒரு முறை, கலக்காததற்கு வேறு முறை, உன் கையேட்டில் இருக்கும்.

கார் கடையில் கிடைக்கிற சத்தம் அடக்கும் ஸ்பிரேயைப் பேடின் முதுகில் அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். சத்தம் போய்விடும், இறுக்கம் அப்படியே இருக்கும், அதைச் சொல்ல ஆள் இருக்காது. உன் பிரேக்கில் ஓடுவது சிவப்பு 5606 எண்ணெய்தானே? அதன் தீப்பற்று நிலைக்கு, அதாவது அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடிய வெப்பத்துக்கு, கீழ் வரம்பே 82 டிகிரி செல்சியஸ்தான். பிடித்தபடியே இருக்கும் டிஸ்க் அதைத் தாண்டிப் போக தரையில் ஓட்டிப்போகும் நீண்ட டாக்ஸி ஒன்று போதும். காலிப்பருக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஓ-ரிங் வெந்து எண்ணெய் கசிந்தால், பக்கத்திலேயே ஃபைபர் கிளாஸ் சக்கர உறை. மேலே சொல்ல எனக்கு மனசில்லை. 83282 என்ற எண்ணெய்க்கு மாற முடியுமா என்று பார், அதன் வரம்பு 205 டிகிரி. எதை வேண்டுமானாலும் ஊற்று, கார் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதே. அந்த நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் ஊதிப் போகும், அதுவே பிஸ்டனை இறுக்கிவிடும்.

இங்கே குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நின்றால், மேட்டுப்பாளையம் இறங்குகிற டூரிஸ்ட் வண்டிகளின் பிரேக் கருகும் வாடை தினமும்தான் வருகிறது. அவர்களாவது ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடலாம். நீ ஓடுதளத்தில் வேகமெடுத்து மேலே ஏறியும் விடுவாய். சூடு உறைக்குள் உன்னோடு வரும். இறங்கும்போது இடது பக்கம் மட்டும் பிடித்தால் ஓடுதளத்தைவிட்டு இழுத்துக்கொண்டு போகும்.

இதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆற்றாமையாக இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற தண்டவாளத்தில், பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வைத்து ஓடுகிற ரயிலில், விசில் சத்தத்துக்குப் பிரேக் போட்டே குடும்பத்தைக் காப்பாற்றியவர் உன் அப்பா. பிரேக்கை விடும்போது சக்கரம் முழுசாக விட்டதா என்று காது கொடுத்துக் கேட்பார், ஞாபகம் இருக்கிறதா? நம்மிடம் பேசிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அந்த விமானத்தை நீ ரிவெட் ரிவெட்டாகக் கட்டியதை நான் படம் படமாகப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை அது தரையைவிட்டுக் கிளம்பிய வீடியோவைத் தெருவுக்கே காட்டினேன். அதனால் கெஞ்சியே கேட்கிறேன், இந்தச் சனிக்கிழமை பறக்காதே. குட்டை மணி கிண்டல் செய்தால் என் பேரைச் சொல்.

கழற்றியதும் இரண்டு பின்களையும் வெள்ளைத்தாள் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நிப்பிளைத் திறந்தபோது சக்கரம் விட்டதா இல்லையா, அதை முதல் வரியிலேயே எழுது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

அன்புடன்,
ரங்கன்