கால்வாயையும் சேர்த்துப் படிக்க வையுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய வடிவங்களைத் தேடிய நவீனத்துவ நாவல் நம் வகுப்பறைகளில் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நனவோடை (மனத்தில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதும் உத்தி), சிதறிய மனம், பெருநகரத் தனிமை, முதல் உலகப்போர். இவற்றை எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. இயற்கை என்றால் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்; சுற்றுச்சூழல் என்றால் தனியாக ஒரு விருப்பப் பாடம், அதை எடுத்தவர்களுக்கு மட்டும். இந்தப் பிரிவினையை நீக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸின் 'தி ரெயின்போ' (1915) நாவலைப் பாருங்கள். ஆபாசம் என்று சொல்லி நீதிமன்றம் அதன் பிரதிகளை அழிக்க உத்தரவிட்ட வரலாற்றை ஆர்வத்தோடு சொல்கிறோம். அதில் நிலத்துக்கு என்ன நேர்கிறது என்று கேட்பதில்லை. பிராங்வென் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த மார்ஷ் பண்ணையின் குறுக்கே, 1840 வாக்கில், இங்கிலாந்தின் எரிவாஷ் பள்ளத்தாக்கின் புதிய நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஒரு கால்வாய் வெட்டப்படுகிறது. உயர்ந்த கரை பண்ணையை மறைக்கிறது. குடும்பத்துக்கு நல்ல தொகை கிடைக்கிறது. பக்கத்து ஊர் பெருக, விளைச்சலுக்கும் விலை ஏறுகிறது. சுரங்க இயந்திரத்தின் ஓசை முதலில் திடுக்கிட வைக்கிறது, போகப் போக மயக்க மருந்தாகிவிடுகிறது. அறுவடை நேரத்தில் மேல்காற்று வீசினால், எரியும் சுரங்கக் கழிவின் கந்தக நெடி வயலுக்கு வருகிறது. இதை எழுதியவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். கரியால் பிழைத்த வீட்டிலிருந்து கொண்டே கரி செய்ததைப் பார்த்தவர்.

பிறகு ஒரு மழை இரவில் அந்தக் கால்வாயின் கரை உடைகிறது. குடித்துவிட்டுச் சந்தையிலிருந்து திரும்பிய டாம் பிராங்வென் தன் வீட்டு வாசலிலேயே மூழ்கிப் போகிறார். தந்தையின் தலைமுறைக்குப் பணம் கொடுத்த கால்வாய் மகனின் உயிரை எடுத்துக்கொள்கிறது. இந்த வெள்ளத்தை நோவாவின் பிரளயத்தோடு ஒப்பிட்டு, விவிலியக் குறியீடு என்று எழுதி முடித்துவிடுகிறோம். குறியீடுதான், மறுக்கவில்லை. ஆனால் உடைந்தது மனிதர்கள் கட்டிய கரை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைச் சிறுவயதில் கண்ட பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, வெள்ளத்தைக் குறியீடு என்று மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

நனவோடைக்கு உதாரணமாக நாம் காட்டும் வர்ஜீனியா உல்ஃபிடமும் இயற்கையின் மீதான இந்தக் கவனத்தைக் காணலாம். 'டு தி லைட்ஹவுஸ்' (1927) நாவலின் நடுப்பகுதியில் பத்து ஆண்டுகள் ஆளில்லாத வீட்டில் கழிகின்றன. வரவேற்பறையில் குருவி கூடு கட்டுகிறது. சாமான் அறைத் தரையின் ஓடுகளுக்கிடையே முட்செடி முளைக்கிறது. கதையின் உயிர்நாடியான திருமதி ராம்சேயின் மரணமோ சதுர அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. மனித மனத்தை அவ்வளவு நுட்பமாக எழுதியவர், அந்தப் பக்கங்களில் மனிதரை ஓரத்துக்கு நகர்த்தி, ஈரத்தையும் காற்றையும் நடுவில் வைத்தார். அந்த வடிவத் துணிச்சலைச் சொல்லாமல் உல்ஃபைக் கற்பித்ததாக எப்படிச் சொல்லிக்கொள்வது?

நம் மாணவர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியும் அல்ல. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதில் காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா அமைக்கிறார்கள். ஊர் அரசியலிலும் வியாபாரப் போட்டியிலும் சிக்கிய புளியமரம் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறது. 'தி ரெயின்போ'வின் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான நாவலை நான் அறியேன்.

கேட்பது பெரிதல்ல. சுற்றுச்சூழல் வாசிப்பை விருப்பப் பாடத்திலிருந்து வெளியே எடுத்து, இருபதாம் நூற்றாண்டுப் புனைகதைக்கான முதன்மைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். 'தி ரெயின்போ'வின் முதல் அத்தியாயத்தையும் வெள்ளம் வரும் அத்தியாயத்தையுமாவது கட்டாய வாசிப்பாக்குங்கள். அந்த நாவலையும் 'ஒரு புளியமரத்தின் கதை'யையும் இணைத்து வினாத்தாளில் ஒரு பெருவினா வையுங்கள். தேர்வில் வராத எதையும் ஆசிரியர்கள் நடத்த நேரம் ஒதுக்குவதில்லை என்பதால்தான் இதைத் தனியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியர்