செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: இணைப்புத் தீர்மானமும் அதன் பிறகும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பொறியாளர் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி முறை (2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு, தரைத்தளமும் முதல் தளமும்) பற்றி விளக்கக் கூட்டம் நடத்தினோம். ஆத்தங்குடியில் சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சி நடந்தது. பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து விழுவதை அங்கே சுவரைத் தட்டியே காட்டினார்கள். தணிக்கையான கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் விஷயம்: பக்கத்து மாவட்டப் பொறியாளர் சங்கத்தோடு நாம் இணைவது.

செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கையில். பொன்னமராவதியும் ராயவரமும் புதுக்கோட்டையில். நாம் இந்தப் பக்கம் பதிவான சங்கம், அவர்கள் அந்தப் பக்கம். வேலைக்கு எல்லை கிடையாது என்பதால் இரண்டிலும் உறுப்பினராக இருப்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கும் யோசனை எழுந்ததே இந்த இரட்டை உறுப்பினர்களிடமிருந்துதான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ஐ ஒட்டி, 21 நாள் முன்னறிவிப்புடன் சிறப்புத் தீர்மானமாக அதை வைத்தோம். அவர்கள் கூட்டத்தில் நிறைவேறியது. நம் கூட்டம் ஆவணி முகூர்த்த நாளில் அமைந்துபோனது. வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் 116 பேர். அவர்களில் 9 பேர் காபியைக் குடித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பெட்டியில் விழுந்த சீட்டு 107. ஆதரவு 83, எதிர்ப்பு 22, செல்லாதவை 2.

நம் துணைவிதி கேட்பது ‘வந்திருக்கும் உறுப்பினர்களில்’ நான்கில் மூன்று பங்கு. பதிவேட்டின்படி 116 என்றால் 87 வாக்கு வேண்டும், நான்கு குறைகிறது. சீட்டுகளை மட்டும் எண்ணி 107 என்றால் 81 போதும், தீர்மானம் வென்றுவிடும். பதிவேடுதான் ஆதாரம், தீர்மானம் தோற்றது என்று தேர்தல் அலுவலர் முடிவு சொன்னார். சங்கங்களின் பதிவாளர் கேட்டால் நாம் காட்டக்கூடியதும் அந்த ஏடு ஒன்றுதான் என்பதால் அவர் முடிவு சரி என்றே செயற்குழு கருதுகிறது.

அன்று முதல் எழுத்திலும் தொலைபேசியிலும் வந்த கருத்துகளை உள்ளபடியே வைக்கிறேன். நீதிமன்றம் போக வேண்டும் என்று இளம் உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். சங்கப் பணத்தை வழக்குக்குச் செலவழிப்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் உறுப்பினர்கள், வர முடியாதவருக்காக வேறொருவர் போடும் பதிலாள் வாக்கு இல்லாததால் தங்கள் குரல் சேரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அது நியாயமான வருத்தம். மூத்தவர்கள் சிலர் ‘சங்கத்தின் பேர் பிழைத்தது’ என்று நிம்மதியடைந்தார்கள். இரட்டை உறுப்பினர்கள் இரண்டு கூட்டத்திலும் வாக்களித்தது முறையா என்ற கேள்வியும் வந்தது. இரு துணைவிதிகளிலும் அதற்குத் தடை இல்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 2005-இல் அரசுத்துறை நிதிக் கணக்காளர் கழகத்தோடு இணையப் பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட இடத்தில் 65.7 சதவீதம் மட்டும் பெற்றுக் கோட்டைவிட்டதை ஓர் உறுப்பினர் எழுதி அனுப்பினார். ஆறுதலுக்குச் சரி. நமக்குத் தடங்கலான காரணம் வேறு.

எதிர்த்தவர்கள் பெரும்பாலும் குறித்தது குடும்ப நல நிதியை. நம்மிடம் ஓர் உறுப்பினர் காலமானால் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் புள்ளி வரி போலத் தலைக்கு 500 ரூபாய் வசூலித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கிறோம், கையிருப்பு கிடையாது. அவர்கள் ஆயுள் சந்தாவை நிரந்தர வைப்பில் போட்டு வட்டியிலிருந்து தருகிறார்கள். அவர்களில் வயது முதிர்ந்தவர்கள் அதிகம். இரண்டையும் ஒன்றாக்கினால் வசூல் எத்தனை முறை வரும், அவர்கள் வைப்புத்தொகை யாருக்குச் சேரும் என்பதற்கு இணைப்புத் திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘புதிய செயற்குழு முடிவு செய்யும்.’ சுமை கணக்கிடாமல் தூணின் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரைபடம் கொடுத்தால் நம்மில் யார் கையெழுத்துப் போடுவோம்?

நம் கட்டடத்தைப் புதிய சங்கத்தின் பெயருக்கு மாற்றத் தனியாகப் பத்திரம் பதிய வேண்டுமா, இணைப்பு ஆணையே போதுமா என்பதிலும் இரண்டு வழக்கறிஞர்கள் இருவிதமாகச் சொன்னார்கள். முத்திரைத்தாள் செலவு எவ்வளவு என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

இணைப்பு நடக்கவில்லையே என்று விலகல் கடிதம் கொடுத்தவர்கள் ஆயுள் சந்தாவைத் திருப்பிக் கேட்டார்கள். துணைவிதியில் அதற்கு இடமில்லை. அவர்களோடு தலைவர் பேசியதில் பெரும்பாலோர் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சங்கத்தோடு உறவு கெடவில்லை. பயிற்சி அட்டவணை வரும் ஆண்டு முதல் பொதுவாக இருக்கும். செலவு பாதிப் பாதி. நிதி பற்றிப் பேச இரு பக்கமும் மும்மூன்று பேர் கொண்ட குழு அமைந்திருக்கிறது. அது கணக்கோடு வரும் வரை இணைப்பு பொதுக்குழுவுக்கு வராது.

இன்று உங்கள் முன் வைக்கும் துணைவிதித் திருத்தம் ஒன்றுதான். சிறப்புத் தீர்மானத்துக்கு முன் அரங்கின் கதவைச் சாத்தி, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வாக்குச் சீட்டு கொடுத்து, சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த அடிக்கட்டைகளின் எண்ணிக்கையே வருகை. காபி அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
செயலாளர்