கடன் ஏறாமல் எங்கள் மகளின் கல்யாணத்தை நடத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் நிறைந்த மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரியோர்களுக்கும், பழைய தோட்டத்து உறவுகளுக்கும், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் மூத்த மகளின் திருமணம் கோயில் மண்டபத்தில் இனிதே நடந்தேறியது. வந்து வாழ்த்தியவர்களுக்கு அன்றே கைகூப்பி நன்றி சொன்னோம். ஆனால் அந்த நாள் அமைவதற்குப் பின்னால் நின்றவர்களுக்கு, அவர்கள் செய்த உதவி இன்னது என்று எடுத்துச் சொல்லி நன்றி கூற மணமேடை ஏற்ற இடமன்று. மங்கல நாளில் கடன் பேச்சை எடுக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை மதித்து அன்று பேசாமல் இருந்தோம். இப்போது மணமக்களிடமும் சம்பந்தி வீட்டாரிடமும் ஒப்புதல் பெற்ற பிறகே நானும் என் கணவரும் இம்மடலை எழுதுகிறோம். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை.

கையில் பணம் கொடுத்தவர்களும் உண்டு, உழைப்பைக் கொடுத்தவர்களும் உண்டு. ஆயினும் எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் நன்றி சொல்ல விரும்புவது முதன்மையாக ஒரு செயலுக்காகத்தான்: ஏற்கெனவே கடன் கட்டிக்கொண்டிருந்த எங்களை, மகளின் கல்யாணத்தைச் சொல்லி இன்னொரு கடனில் இறங்க நீங்கள் விடவில்லை.

என் கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர் என்பது இந்த வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். வேன் தவணையில் வாங்கியது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் இல்லாத வேனுக்கு வருமானம் ஏது? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்களுக்கு வங்கிகள் தவணையை ஒத்திவைத்ததால் மூச்சு விட முடிந்தது. அதற்குப் பிறகும் பள்ளிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததால், வேன் தவணையோடு முன்பு வாங்கியிருந்த தனிநபர் கடனும், வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்திய கடன் அட்டைகளும் சேர்ந்துகொண்டன. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் அசல் அசையாது என்பதை அந்த நாட்களில் மாதந்தோறும் வந்த கணக்கறிக்கையில் கண்ணால் பார்த்தோம்.

இந்த நேரத்தில்தான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஐயா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம், தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பணம் எடுத்துத் தருவதாக வேறொருவர் எங்களிடம் சொல்லியிருந்தது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஐயா சத்தம் போடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். உரிமம் பெற்று வட்டிக்குக் கொடுப்பவர்கூட ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராதபோது, அதைச் சில வாரங்களிலேயே கேட்பவனிடம் போய்த் தலையைக் கொடுப்பதா என்று கேட்டார். மறுவாரமே தம்முடைய காரில் எங்கள் இருவரையும் ஈப்போவில் உள்ள, கடன் ஆலோசனை வழங்கும் ஏகேபிகே அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்.

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த அந்த நிறுவனத்தில் ஆலோசனைக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். எங்களுடன் பேசிய ஆலோசகர் அம்மையாருக்கு இங்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். அரிசி, மின்சாரம், பேருந்துக் கட்டணம், கோயில் காணிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டவர், வீட்டில் மணவயதில் பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும், கல்யாணச் சேமிப்பு என்று ஒரு வரியை அவரே அந்தச் செலவுப் பட்டியலில் சேர்த்தார். தொகை சிறியதுதான். கடன் கட்டும் வீட்டிலும் நல்ல காரியத்துக்கு இடம் உண்டு என்று ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டு எழுதிய அந்த வரி எங்களுக்குக் கொடுத்த தெம்பு மட்டும் சிறியதன்று. வங்கிகளோடு பேசி, எல்லாக் கடனையும் மாதம் ஒரே தவணையாகக் கட்டுவதற்கு அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை புதிய கடன் எடுக்கக் கூடாது. கல்யாணம் நெருங்க நெருங்க, இந்தக் கட்டுப்பாடே எங்களுக்குக் காவலாக அமைந்தது என்பதை மனமாரச் சொல்கிறோம்.

தவணை கட்டும் ஆண்டுகளில் அன்றாட வாழ்க்கையை நகர்த்தியவர்கள் வேறு. பெரிய சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீன தவுக்கே (கடை முதலாளி), எங்கள் கணக்கை எழுதி வைத்த 555 என்ற சிறிய கடன் குறிப்புப் புத்தகத்தை ஒருமுறைகூட மற்ற வாடிக்கையாளர் முன்னிலையில் விரித்ததில்லை. சம்பளம் வந்ததும் பாதியைக் கொடுத்தாலும் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டு, மீதியைப் புதுப் பக்கத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் பால் மாவும் முட்டையும் வாங்கத் தயங்கி நின்றபோது, பிள்ளைகள் சாப்பிடுவதற்குக் கணக்குப் பார்க்காதே என்று அவருடைய மனைவி உடைந்த தமிழில் சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்ததை நான் எந்நாளும் மறக்க மாட்டேன்.

செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் எனக்கு வேலை கொடுத்த மேற்பார்வையாளருக்கும், கூடுதல் நேர வேலை வரும்போதெல்லாம் என்னை முதலில் கூப்பிட்ட மண்டோர் (கங்காணி) அண்ணனுக்கும் நன்றி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, அந்த 200 வெள்ளியை வீட்டுச் செலவில் கலக்காமல் அப்படியே கல்யாணத்துக்கு எடுத்து வைக்கச் சொன்னவர் அந்த அண்ணன்தான். தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் தம் தொழிற்சாலைத் தோழிகளிடம் விற்றுக் கொடுத்து, ஒரு காசு குறையாமல் பணத்தைக் கொண்டுவந்து தந்த பக்கத்து வரிசைத் தங்கைகளுக்கும் அதே நன்றி. மாலையில் நான் வேலையிலிருந்து திரும்பும்வரை என் கடைசி மகனுக்குச் சோறு போட்டுப் பாடம் படிக்க வைத்த எதிர்வீட்டு அத்தைக்கு நன்றி என்று சொன்னால் அது போதாது. அவனுக்கு அது இரண்டாவது வீடு.

என் உடன்பிறந்த தங்கை கோலகங்சாரில் இருக்கிறாள். கட்டுப்பாட்டுக் காலத்தில் என் சங்கிலியையும் வளையல்களையும் அடகுக் கடையில் வைத்திருந்தோம். மாதத்துக்கு நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி. ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும், இல்லையேல் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். வட்டி கட்டக்கூட வழியில்லாத தவணைகளில் என் தங்கை, தன் கணவருடைய சம்மதத்தோடு, தன் சம்பளத்திலிருந்து கட்டிச் சீட்டைக் காப்பாற்றினாள். அந்த நகை கைவிட்டுப் போயிருந்தால், கிராம் விலை 400 வெள்ளியைத் தாண்டி ஏறிய ஆண்டில் மகளுக்குப் புதிதாகச் சங்கிலி வாங்க எங்களால் ஆகியிருக்காது. மீட்டு வந்த பழைய சங்கிலியைத்தான் மெருகேற்றித் தாலி கோத்தோம். தாலிக்கு மட்டும் புதுப் பொன் வாங்கினோம். ஈப்போவில் இருக்கும் பத்தர் ஐயா செய்கூலி வாங்க மறுத்துவிட்டார். என் மாமனாருக்குத் தோட்டத்தில் பழக்கமான குடும்பம் அவருடையது.

சம்பந்தி வீட்டாரின் பெருந்தன்மையைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் போதவில்லை. பரிசம் போடும் பேச்சு எடுத்த நாளிலேயே எங்கள் நிலைமையை மறைக்காமல் சொன்னோம். சம்பந்தி அம்மாள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரும் பெண் பெற்றவர்களின் கடனை நினைத்து அழுதுகொண்டு வரக் கூடாது, அதற்கு என்ன குறைக்க வேண்டுமோ குறைப்போம் என்றார். விருந்தினர் எண்ணிக்கையைக் குறைத்தது, நட்சத்திர விடுதி வரவேற்பை விட்டது, கூறைப் புடவைக்கு வரம்பு வைத்தது எல்லாம் அவர் எடுத்த முடிவுகள். உயர்கல்விக் கடனைத் தத்தம் சம்பளத்திலேயே கட்டிக்கொண்டிருக்கும் மணமக்களும் அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். இரு வீட்டாரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் மண்டபத்துக்குப் பணம் கட்டிய பிறகே வரவு செலவைப் பேசத் தொடங்குகின்றன.

இனி, பழைய தோட்டத்து மக்களுக்கு. நாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைவிட்டு வெளியேறி ஆளுக்கொரு தாமானில் குடியேறி வெகுகாலம் ஆகிவிட்டது. அப்படியிருந்தும், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக நீங்கள் உங்களுக்குள் பேசிவைத்து, மொய்யை முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்தீர்கள். மொய் என்பது சாப்பிட்டுக் கை கழுவிய பின் எழுதுவது; அது வருவதற்குள் மண்டபத்துக்கும் மளிகைக்கும் ஐயருக்கும் மேளத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் பெண் வீட்டார் வட்டிக்காரனைத் தேடிப் போகிறார்கள். அந்த இடைவெளியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். எங்கள் முகம் கோணக் கூடாதென்று, ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகச் சென்று உறைகளை வாங்கி, பெயரும் தொகையும் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்தார். பத்து வெள்ளி வைத்திருந்த உறையும் இருந்தது. கணவரை இழந்து தனியாக இருக்கும் பாட்டியம்மா ஒருவருடைய உறை அது. அதைப் பிரித்தபோது என் கணவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

தோட்டத்து மனிதர்களுக்கு இந்தக் குணம் புதிதன்று. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் மரம் (ரப்பர்) வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியவர்களில் என் தாயாரும் ஒருவர். அவர் அந்தப் பங்குச் சீட்டை இரும்புப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் உறைகளை எண்ணிய அன்று அம்மாவின் நினைவு வந்தது.

கோயில் நிர்வாகத்தினர் மண்டப வாடகையை மூன்று பகுதியாகக் கட்ட இசைந்தார்கள். முந்தைய நாள் அதே மண்டபத்தில் திருமணம் நடத்திய குடும்பத்தினர், முன்பின் அறிமுகம் இல்லாத நிலையிலும், மணவறை அலங்காரத்தைப் பிரிக்காமல் எங்களுக்கு விட்டுச்சென்றார்கள்; மாலைகளையும் வாடிய பூச்சரங்களையும் மட்டுமே மாற்றினோம். திருமணப் பதிவுக்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுத்து, 21 நாள் அறிவிப்புக் காலம் தவறாமல் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் நன்றி.

சமையலை வெளியே கொடுக்காமல், தோட்டத்து அக்காமார்கள் விடியற்காலை மூன்று மணிக்கே வந்து அடுப்பு மூட்டினார்கள். ஈப்போ மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து வந்தவர், தம் கொல்லையிலிருந்து வாழையிலை அறுத்துக் கொடுத்தவர், பாத்திரம் கழுவிய இளைஞர்கள் என்று எத்தனையோ கைகள். எங்கள் மலாய் அண்டை வீட்டார், தங்கள் கம்பத்து (கிராமத்து) கல்யாணங்களில் எல்லோரும் கூடி வேலை செய்வதுபோலவே, முந்தைய மாலையே வந்து கூடாரம் கட்டி, நாற்காலிகளைப் பள்ளிவாசல் குழுவிடமிருந்து வாங்கித் தந்து, எங்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். சாம்பாரும் பாயசமும் மிச்சம் இல்லாமல் தீர்ந்தன.

புகைப்படம் எடுத்த மகளின் பள்ளித்தோழர்கள், நாதசுவரக் குழுவினர், வண்டி ஓட்டிய பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

எங்கள் கடன் இன்னும் முழுதாக முடியவில்லை. தவணை மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது; கல்யாணத்தால் அதில் ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. மொய் நோட்டுப் புத்தகம் எங்கள் சாமி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் காதணி விழாவோ, புதுமனைப் புகுவிழாவோ, கல்யாணமோ வரும்போது தயவுசெய்து இரண்டு மாதம் முன்னதாகவே எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். நீங்கள் செய்ததைப் போலவே முன்கூட்டிக் கொண்டுவந்து தர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வேன் தேவைப்பட்டால் அதையும் சொல்லுங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் என் கணவர் ஓட்டித் தருவார்.

கடைசியாக ஒரு செய்தி. சமையலன்று வந்த பாத்திரங்களில் பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்றும், இரண்டு கரண்டிகளும், நீலநிறத் தார்ப்பாய் ஒன்றும் யாருடையவை என்று தெரியாமல் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் வேனில் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
மணமகளின் பெற்றோர்
சுங்கை சிப்புட், பேராக்