புக் வந்துடுச்சு சரி, டிக்கெட் போடாதே இன்னும்

கண்ணா,

உனக்கு குடுத்த அகதி பயண ஆவணப் புக்கை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தியே, பாத்தேன். நீல அட்டை, மேல இடது மூலையில ரெண்டு கறுப்புக் கோடு, உள்ள உன் மூஞ்சி கொஞ்சம் இளைச்சுப் போய். சந்தோஷமா இல்லைன்னு சொல்லல, ஆனா போட்டோவுக்கு கீழ எழுதியிருந்தியே அது தான் ராத்திரி முழுக்க தூங்க விடல. "அம்மா நீ பஸ் ஏறி பக்கத்து நாட்டுக்கு வந்துடு, நான் ஃப்ளைட்ல வந்துடறேன், ரெண்டு நாள் ஒண்ணா இருக்கலாம்"னு. வேண்டாம்டா. உன்னை பாக்கணும்னு எனக்கு எவ்வளவு இருக்குன்னு இதுல எழுத மாட்டேன், எழுதினா நீ அதை மட்டும் படிச்சுட்டு மீதியை விட்டுடுவே. இதை ஏன் போன்ல சொல்லாம பேப்பர்ல எழுதி ஆள்கிட்ட குடுத்து அனுப்பறேன்னு உனக்கே தெரியும்.

நான் எத்தனை வருஷம் ஏர்போர்ட்ல செக்-இன் கவுண்டர்ல நின்னேன்னு உனக்கு தெரியும், ஆனா இந்த கதையை நான் உங்கிட்ட சொன்னதில்ல. ஒரு நாள் ஒருத்தர் வந்தார், கையில இதே மாதிரி ரெண்டு கோடு போட்ட புக், ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தார். விசா இருந்துச்சு, எல்லாம் சரியா தான் இருந்துச்சு. ஆனா நேஷனாலிட்டின்னு இருக்கிற இடத்துல எந்த நாட்டுப் பேரும் இல்ல, ஏதோ மூணு எழுத்து, சிஸ்டத்துல அது எனக்கு ஏறல. பொறந்த ஊரை பாத்து அந்த நாட்டை போட்டேன், உடனே விசா செல்லாதுன்னு காட்டுச்சு. சூப்பர்வைசரை கூப்பிட்டேன், அவர் ரிஸ்க் எடுக்காதேன்னாரு. ஃப்ளைட் போயிடுச்சு. அந்த ஆள் சத்தமே போடல, ரப்பர் பேண்டை திரும்ப மாட்டி புக்கை சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு போயிட்டார். எனக்கு அப்ப தெரியாது, நிறைய நாடுகள் குடுக்கற புக்ல அந்த இடத்துல எக்ஸ்எக்ஸ்பின்னு தான் போடுவாங்க, அகதிகளைப் பத்தின 1951 ஐநா உடன்படிக்கைப்படி அகதின்னு அர்த்தம், நாடு இல்லாதவங்களுக்கு எக்ஸ்எக்ஸ்ஏ. உலகம் முழுக்க ஒரே குறியீடு தான், தெரியாம இருந்தது நான் தான். இப்ப என் புள்ள கையில அந்த புக்.

நீ போன அப்புறம் அந்த உடன்படிக்கையை முழுசா பிரின்ட் எடுத்து படிச்சேன். 1951 ஜூலை 28ல கையெழுத்தானது, உன் புக் அட்டையிலயும் அந்த தேதி இருக்கும் பாரு. உனக்கு புக் குடுத்தது அதோட 28வது பிரிவுப்படி. சட்டப்படி தங்கியிருக்கிற அகதிக்கு வெளிநாடு போக ஒரு ஆவணம் குடுத்தாகணும், நாட்டுப் பாதுகாப்பு மாதிரி பெரிய காரணம் இருந்தா தான் மறுக்கலாம். அதனால யாரோ இரக்கப்பட்டு குடுத்த சலுகைன்னு நினைச்சு எங்கயும் கூனிக் குறுகி நிக்காதே. ஆனா அதே உடன்படிக்கையோட பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு, அதுல 16வது பாரா தான் என் வயித்துல புளியைக் கரைச்சுது. இந்த புக் கையில இருக்குன்னா அதை குடுத்த நாட்டுத் தூதரகம் உனக்கு பாதுகாப்பு குடுத்தே ஆகணும்னு உரிமை வந்துடாதாம். அதாவது நீ போகலாம், திரும்பி வரலாம், போற இடத்துல ஏதாவது ஆச்சுன்னா அந்த நாட்டு குடிமகனுக்கு ஓடி வர்ற மாதிரி உனக்கு ஓடி வரணும்னு கட்டாயம் இல்ல. மனசு வெச்சு செஞ்சா செய்வாங்க. கூட வேலை செய்யற பசங்க பாஸ்போர்ட்டை தூக்கிப் போட்டுக்கிட்டு எங்க வேணா போறாங்களேன்னு நீ பாக்காதே, அவங்களுது வேற உன்னுது வேற.

இதுக்கு தான் பக்கத்து நாடு வேண்டாம்ங்கறேன். இங்க இருக்கிற போலீசுக்கும் அங்க இருக்கிற போலீசுக்கும் எவ்வளவு நெருக்கம்னு உனக்கு தெரியாததா?

ஹக்கீம் அல்-அரைபின்னு ஒரு ஃபுட்பால் பையன், பஹ்ரைன்காரர், நீ கூட நியூஸ்ல பாத்திருப்பே. 2017ல ஆஸ்திரேலியா அவரை அகதின்னு ஏத்துக்கிச்சு. 2018 நவம்பர்ல கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டியோட பாங்காக் போறார், விசாவோட தான். ஏர்போர்ட்லயே புடிச்சுட்டாங்க, பஹ்ரைன் கேட்டு இன்டர்போல் ஒரு ரெட் நோட்டீஸ் போட்டிருந்துச்சு, அதாவது இந்த ஆளைத் தேடிப் புடிச்சு வைங்கன்னு எல்லா நாட்டு போலீசுக்கும் போற அறிவிப்பு. அகதியா ஏத்துக்கப்பட்டவங்க மேல, அவங்க யாருக்கு பயந்து ஓடி வந்தாங்களோ அதே நாடு கேட்டா நோட்டீஸ் போடக்கூடாதுன்னு இன்டர்போலுக்கே ஒரு விதி இருக்கு, அதனால சில நாள்லயே அதை எடுத்துட்டாங்க. எடுத்து என்ன, ஆள் 2019 பிப்ரவரி வரைக்கும் உள்ள தான் இருந்தார், அந்த ஊர் கோர்ட்ல நாடு கடத்தற கேஸ் தனியா ஓடுச்சு. உலகம் பூரா ஃபுட்பால்காரங்க கத்தி, ஆஸ்திரேலியா பிரதமர் வரைக்கும் பேசி தான் வெளிய வந்தார். உனக்கு யார்டா கத்துவா, நான் ஒருத்தி தான். தாய்லாந்து அந்த 1951 உடன்படிக்கையில சேராத நாடு, அதையும் கவனி.

அதனால ஊரை முடிவு பண்ற விதமே மாறணும். எது அழகா இருக்கு, எங்க டிக்கெட் மலிவுன்னு பாக்கறது அப்புறம். முதல்ல அந்த நாடு உடன்படிக்கையிலயோ அதை விரிவாக்கின 1967 புரோட்டோகால்லயோ சேர்ந்திருக்கா, 140க்கும் மேல நாடு சேர்ந்திருக்கு, அதனால தேட ஒண்ணும் பஞ்சம் இல்ல. அப்புறம் நம்ம நாட்டோட ஆளை ஒப்படைக்கிற ஒப்பந்தம் இருக்கா. அப்புறம் உன்னை மாதிரி இங்கிருந்து போனவங்க யாரையாவது அந்த நாடு முன்னாடி புடிச்சு குடுத்திருக்கா. இந்த மூணாவது எந்த சட்டப் புத்தகத்துலயும் இருக்காது, அங்க உங்க கேஸை பாத்த வக்கீல் கிட்ட தான் கேக்கணும். கூச்சப்படாம கேளு.

உன் மேல ஏதாவது நோட்டீஸ் இருக்கான்னு சந்தேகம் இருந்தா ஊகிச்சுக்கிட்டு உக்காராதே. இன்டர்போலோட ஃபைல்களை மேற்பார்வை பாக்க ஒரு கமிஷன் இருக்கு, பிரான்ஸ்ல லியோன்ல. என்னைப் பத்தி என்ன வெச்சிருக்கீங்கன்னு யார் வேணா எழுதிக் கேக்கலாம், காசு கிடையாது. மனு சரியா இருக்குன்னு அவங்க ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 4 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், இருக்கறதை அழிக்கச் சொல்லிக் கேட்டா அதுக்கு 9 மாசம். அவ்வளவு நாள் ஆகும்னு தெரிஞ்சே தான் எழுதறேன், இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ அகதின்னு இன்டர்போலுக்கு தானா தெரியாது, நீயோ உன் வக்கீலோ சொன்னா தான் தெரியும்.

அப்புறம் வழி. நேரா போற ஃப்ளைட்டா பாரு, ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பண்றேன்னு ரெண்டு இடத்துல மாறாதே. மாறற ஒவ்வொரு ஏர்போர்ட்டும் ஒரு நாடு, அங்க ட்ரான்சிட் விசா கேப்பான், உன் புக்குக்கு சட்டம் வேற. விமானம் எந்த நாட்டு மேல பறக்குதுன்னும் பாரு. சிரிக்காதே. 2021 மே 23ம் தேதி ஏதென்ஸ்ல இருந்து வில்னியஸ் போன விமானத்தை வெடிகுண்டுன்னு சொல்லி பெலாரஸ் தன்னோட மின்ஸ்க்ல இறக்க வெச்சுது, குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல, உள்ள இருந்த ராமன் புரதசேவிச்ங்கற பத்திரிகைக்காரரையும் அவர் கூட வந்த பொண்ணையும் இறக்கி கொண்டு போயிட்டாங்க. அவர் டிக்கெட் போட்டது மின்ஸ்குக்கு இல்ல, மேல பறந்தார் அவ்வளவு தான். இது தினமும் நடக்கற விஷயம் இல்ல, தெரியும். ஆனா வேற வழி இருக்கும்போது ஏன் நம்ம ஊர் தலைக்கு மேல பறந்து வரணும்?

பழைய பாஸ்போர்ட் பத்தி. அது காலாவதி ஆகட்டும், கரையான் அரிக்கட்டும், புதுப்பிக்கிறேன்னு நம்ம தூதரகத்து வாசலை மிதிக்காதே. யாராவது சும்மா ஃபார்மாலிட்டி தான் சார்னு சொல்லுவாங்க. உடன்படிக்கையில 1சி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சொந்த நாட்டோட பாதுகாப்பை நீயா விரும்பி திரும்ப வாங்கிக்கிட்டேன்னு ஆச்சுன்னா அகதி அந்தஸ்து போயிடும். பாஸ்போர்ட் வாங்கறதையே அப்படி எடுத்துக்கிட்டு, இல்லைன்னு நீ தான் நிரூபிக்கணும்னு நிறுத்திடுவாங்க.

இப்ப சொல்லப் போறது உனக்கு புடிக்காது. ஐநா அகதிகள் ஆணையத்தோட கையேட்டுல 125வது பாரா, வயசான இல்ல நோயாளி அப்பா அம்மாவை பாக்க சொந்த நாட்டுக்கு போறதும், லீவுக்கும் வியாபாரத்துக்கும் அடிக்கடி போறதும் ஒண்ணு இல்லைன்னு எழுதியிருக்கு. நீ அதை படிச்சிருப்பேன்னு எனக்கு தெரியும், அப்படி தான் நீ. அது அகதி அந்தஸ்து போகுமா போகாதாங்கறதுக்கு தான் பதில். இங்க இறங்கின உடனே கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன் அந்த கையேட்டை படிச்சிருக்க மாட்டான். பல புக்ல சொந்த நாட்டைத் தவிர மத்த நாடுகளுக்கு செல்லும்னு அச்சடிச்சே குடுக்கறாங்க, உன்னுதையும் திருப்பிப் பாரு. அதனால நாளைக்கு எனக்கு உடம்புக்கு முடியலைன்னு யார் போன் பண்ணாலும் வராதே, அது என் குரலாவே இருந்தாலும் வராதே. உண்மையாவே முடியாம போனாலும் வராதே. உன் தங்கச்சி கிட்டயும் சொல்லிட்டேன், அவ அழுதா, அப்புறம் சரின்னா.

போற இடத்துல உன்னை நிறுத்தினாங்கன்னா, கடவுளே அப்படி ஆகக்கூடாது, பதட்டத்துல எதுலயும் கையெழுத்து போடாதே. 1963 வியன்னா உடன்படிக்கைப்படி வெளிநாட்டுல புடிபட்டவங்க கேட்டா தான் அவங்க நாட்டுத் தூதரகத்துக்கு சொல்லணும். சில நாடுகளுக்குள்ள தனி ஒப்பந்தம் இருக்கும், அவங்க கேக்காமலே சொல்லிடுவாங்க. அப்படி நம்ம ஆளுங்க வந்து நின்னாலும், எனக்கு உங்க உதவி வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டா அவங்க உன் சார்பா எதுவும் செய்யக்கூடாது. அதை எழுதி வாங்கச் சொல்லு. நான் அகதி, என் நாட்டு தூதரகத்தை கூப்பிடாதீங்க, புக் குடுத்த நாட்டு தூதரகத்தையும் ஐநா அகதிகள் ஆணையத்தையும் வக்கீலையும் கூப்பிடுங்கன்னு அந்த ஊர் பாஷையில ஒரு பேப்பர்ல எழுதி புக் கூடவே வெச்சுக்கோ. போன் நம்பரும் பேப்பர்லயே இருக்கட்டும், போனை முதல்ல புடுங்கிடுவாங்க.

திரும்பி வர தேதியையும் பாத்துக்கோ. புக் செல்லுபடி இருக்கிற வரைக்கும் குடுத்த நாடு உன்னை திரும்ப உள்ள விட்டே ஆகணும், ஆனா விசேஷ காரணம் காட்டி அந்த காலத்தை குறைக்கலாம், 3 மாசத்துக்கு கீழ குறைக்க முடியாது. உன் புக்ல அப்படி ஏதாவது முத்திரை இருக்கான்னு பாரு, ரெசிடென்ஸ் கார்டு அதுக்கு முன்னாடி முடியுதான்னும் பாரு, ரெண்டுல எது முதல்ல முடியுதோ அது தான் உன் தேதி. இன்சூரன்ஸ் எடுத்துக்கோ.

செக்-இன் விஷயம் மட்டும் நான் சொல்றதை அப்படியே கேளு, இது என் தொழில். ஆன்லைன்ல செக்-இன் ஆகலைன்னா பயப்படாதே, அதுல நாட்டைத் தேர்ந்தெடுக்கற லிஸ்ட்ல பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்பி இருக்காது. மூணு மணி நேரம் முன்னாடி போ, க்யூவுல முதல் ஆளா நில்லு. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு உன்னை பாத்து முழிப்பா, அவ கெட்டவ இல்ல, பேப்பர் சரியில்லாத ஆளை ஏத்திட்டா அவ கம்பெனிக்கு அபராதம், திருப்பிக் கொண்டு வர்ற செலவும் அவங்க தலையில, அந்த பயம். பாஸ்போர்ட்னு போடாதீங்க, அகதி பயண ஆவணம்னு போட்டு டைமாடிக்ல தேடுங்கன்னு நீயே மரியாதையா சொல்லு, எந்த ஆவணத்துக்கு எந்த நாட்டுல என்ன விதின்னு கவுண்டர்ல பாக்கற சிஸ்டம் அது. விசா, ரெசிடென்ஸ் கார்டு, போற நாட்டுத் தூதரகம் உன் புக்கை ஏத்துக்கறோம்னு அனுப்பின மெயில், எல்லாம் பிரின்ட் எடுத்து கையில குடு. போன் ஸ்க்ரீனை நீட்டாதே. எங்கிட்ட மட்டும் அந்த ஆள் இப்படி ஒரு பேப்பரை நீட்டியிருந்தா நான் ஏத்தி அனுப்பியிருப்பேன்.

ஊரை நீயும் வக்கீலும் முடிவு பண்ணுங்க, தூரமா இருந்தாலும் பரவாயில்ல, எனக்கு பாஸ்போர்ட் இருக்கு, நான் வர்றேன். தேதியை எனக்கு போன்ல சொல்லாதே, இந்த லெட்டர் கொண்டு வர்றவங்க கிட்ட எழுதிக் குடு. போட்டோ எதுவும் நாம ரெண்டு பேரும் வீடு திரும்பற வரைக்கும் எங்கயும் போடக்கூடாது, உன் தங்கச்சிக்கும் அதையே சொல்லியிருக்கேன்.

அப்புறம் புக்குக்கு ரப்பர் பேண்ட் போடாதே. அட்டை மடங்கினா மெஷின் படிக்காது.

அம்மா